உக்கிராணத்துச் சாவி யாரிடம்?

கல்யாணச் சமையலில் பேர் வாங்குகிறவர் தலைமைச் சமையல்காரர். கோட்டை அடுப்புக்கு முன்னால் தோளில் துண்டோடு நிற்கும் அவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் அங்கே காரியம் ஓடுவது உக்கிராணத்தை வைத்து. மண்டபத்தின் பின்கட்டில் ஓர் அறை. அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின், பொடி வகையறா எல்லாம் அதற்குள். அந்த அறையின் சாவியும் நீளமான ஒரு கணக்கு நோட்டும் ஒரே ஆளிடம் இருக்கும். அவர் எழுதாமல் ஒரு பிடி மிளகு உள்ளே வராது, வெளியேயும் போகாது. உளுந்து இருக்கிறதா என்று கேட்டால் அவர் அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நோட்டைப் புரட்டுவார்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் நாள்தோறும் அடிக்கும் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளைக்குப் பின்னால் இருப்பது இப்படி ஓர் உக்கிராணம்தான். விண்டோஸிலிருந்து புதிதாக வருகிறவர்கள், ஏதோ ஒரு வெப்சைட்டைத் தேடி, டவுன்லோட் செய்து, ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிப் பழகியவர்கள். இங்கே பெயரைச் சொன்னால் சரக்கு வந்து அலமாரியில் உட்கார்ந்துவிடுகிறது. என்டர் தட்டியதற்கும் வேலை முடிந்ததற்கும் நடுவே என்ன நடக்கிறது என்று டெபியனை வைத்துப் பார்ப்போம். உபுண்டு, லினக்ஸ் மின்ட், சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் எல்லாம் டெபியன் வழி வந்தவை. ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் ஆட்களின் பெயர் வேறு. செய்கிற வேலை பெரும்பாலும் இதுதான்.

ஆட்கள் இருவர். உக்கிராணக்காரர் டிபிகேஜி. அவருக்காக மண்டிக்குப் போய்வருகிறவர் ஆப்ட். இயான் மர்டாக் டெபியனை அறிவித்தது 1993 ஆகஸ்டில். டிபிகேஜி கிட்டத்தட்ட அந்தக் காலத்து ஆள். ஆப்ட் பிறகு வந்தவர். 1999இல் வெளியான டெபியன் 2.1இல்தான் வேலைக்குச் சேர்ந்தார். டிபிகேஜிக்கு வெளியுலகம் தெரியாது. கையில் கொடுத்த பொட்டலத்தைப் பிரிப்பார், அடுக்குவார், எழுதிக்கொள்வார். பொட்டலத்தோடு சேர வேண்டிய இன்னொன்று இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார். போய் வாங்கிவருகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அந்த அலைச்சலைத் தன் தலையில் போட்டுக்கொண்டதுதான் ஆப்ட் செய்த உபகாரம்.

மண்டி என்பது டெபியனின் பேக்கேஜ் களஞ்சியம். அங்கே விற்பது என்ன? ஒரு மென்பொருளின் சோர்ஸ் கோடு என்பது செய்முறையும் பச்சைச் சரக்கும் சேர்ந்த மூட்டை. மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, விரலி மஞ்சள் எல்லாம் இருக்கிறது, ஆனால் அப்படியே சாம்பாரில் கொட்ட முடியாது. வறுத்து அரைக்க வேண்டும். கம்பைல் செய்வது அந்த அரைப்பு. வீட்டிலேயே அரைத்தால்தான் திருப்தி என்கிறவர்கள் உண்டு. ஜென்டூ என்ற லினக்ஸ் வகை அவர்களுக்கானது. பழைய லேப்டாப்பில் ஒரு பிரௌசரைக் கம்பைல் செய்ய உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். மற்றவர்களுக்கு டெபியன் மில்லில் அரைத்துப் பொட்டலம் கட்டித் தருகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பொறுப்பாளரோ ஒரு குழுவோ உண்டு. பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். மூலத்தை வாங்கிப் பார்த்து, டெபியனுக்கு ஒத்துவரும்படி திருத்தி, சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அரைப்பதற்குத் தனி இயந்திரங்கள் இருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13, அதாவது ‘டிரிக்ஸி’யின் சரக்குப் பட்டியலில் 69,830 பேக்கேஜ்கள்.

(பதிப்புகளின் பெயரெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படத்துக் கதாபாத்திரங்களுடையவை. புதுச் சரக்கு முதலில் வந்து இறங்கும் இடத்துக்கு ‘சிட்’ என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன். நிரந்தரமாக ஏதாவது உடைந்துகொண்டே இருக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது.)

இனி கட்டளை. முதலில் ‘ஆப்ட் அப்டேட்’. இதை அடித்ததும் கணினியே புதிதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒரு மென்பொருளும் மாறியிருக்காது. ஆப்ட் மண்டிக்குப் போய் இன்றைய சரக்குப் பட்டியலை மட்டும் வாங்கிவந்திருக்கிறார். என்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு, எவ்வளவு எடை, எதோடு சேரும், எதோடு சேராது எல்லாம் அதில். பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ‘இன்ஸ்டால்’ அடித்தால் மண்டியில் காலியான பதிப்பைக் கேட்டு நிற்பார். ‘404’ என்று பதில் வரும். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் வைத்தியம் ‘முதல்ல அப்டேட் போடுங்க’ என்பதாக இருப்பது இதனால்தான்.

பட்டியலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த நம்பிக்கையும் அதில்தான் தொங்குகிறது. பட்டியலோடு ‘இன்ரிலீஸ்’ என்று ஒரு சின்ன ஃபைல் வருகிறது. அதில் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி இன்ஸ்டால் செய்த நாளிலேயே கணினியில் வந்துவிட்டது. இன்ரிலீஸுக்குள் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு ஹாஷ், அதாவது ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் மாறிவிடும் அடையாள எண். அந்தப் பட்டியலுக்குள் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு ஹாஷ். ஆக, ஒரே ஒரு கையெழுத்து அறுபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பொட்டலங்களுக்கும் சீல் வைக்கிறது. எந்த மிரரிலிருந்து, அதாவது மண்டியின் எந்த நகலிலிருந்து வேண்டுமானாலும், ஏன், பூட்டில்லாத சாதா எச்டிடிபி வழியாகக்கூடச் சரக்கு வரலாம். வழியில் எவனாவது பொட்டலத்தைப் பிரித்து எதையாவது கலந்தால் ஹாஷ் ஒத்துவராது. ஆப்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். சரக்கைக் கொண்டுவருகிற வண்டிக்காரனை நம்ப வேண்டியதில்லை என்பதால்தான் உலகெங்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும் டெபியனுக்கு மிரர் நடத்த முடிகிறது.

இப்போது இன்ஸ்டால். நமக்குப் பயன்படுகிற ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: ‘ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்’. தமிழில் தட்டச்சு செய்ய இதைப் போடுவார்கள். சாப்பிட வருகிறவர் கேட்டது சாம்பார் மட்டும். ஆப்ட் உடனே பின்னோக்கி யோசிக்கிறார். சாம்பார் என்றால் பொடி வேண்டும், பருப்பு வேண்டும், புளி வேண்டும். இதில் புளி ஏற்கெனவே உக்கிராணத்தில் இருக்கிறது, நோட்டில் தெரிகிறது, விட்டுவிடலாம். அப்படியே ஐபஸ்-எம்17என் தனக்கு எம்17என் லைப்ரரி வேண்டும் என்கிறது. லைப்ரரிக்கு எம்17என்-டிபி என்ற தரவுப் பொட்டலம் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நாம் கேட்ட பொருள், அதாவது எந்த விசையைத் தட்டினால் ‘அ’ வரும் என்ற தமிழ்99 விசை வரைபடம், பெயர் சொல்லிக் கேட்ட பொட்டலத்தில் இல்லை. நாம் கேட்கவே கேட்காத கடைசிப் பொட்டலத்தில்தான் இருக்கிறது.

இந்தச் சங்கிலியைக் கணக்குப் போடுவது லேசான வேலை இல்லை. ஒரு பொட்டலம் இன்னொன்றின் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கும். வேறொன்று அந்தப் பதிப்போடு ஒரே அலமாரியில் இருக்க மாட்டேன் என்னும். எல்லாருக்கும் ஒத்துவருகிற ஒரு சேர்க்கையைக் கண்டுபிடித்து, இத்தனை புதிது, இத்தனை நீக்கம், இத்தனை எம்பி இறக்க வேண்டும், வட்டில் இவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு ஆப்ட் நம் முகத்தைப் பார்த்து நிற்பார். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘ஒய்’ தட்டுவது பொதுவான கெட்ட பழக்கம். ஒரு சின்னப் பொருளைக் கேட்டதற்கு முப்பது பேக்கேஜ்களை நீக்கப் போகிறேன் என்கிறார் என்றால், எங்கோ வேறு மண்டிச் சரக்கு கலந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைத் தேடுவது உத்தமம்.

பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. இனி டிபிகேஜியின் ராஜ்யம்.

ஒரு டெப் ஃபைலைப் பிரித்தால் உள்ளே மூன்றே உருப்படி. முதலாவது, இந்தக் கட்டு எந்த முறையில் கட்டியது என்று சொல்லும் ஒற்றை வரி: ‘2.0’. இரண்டாவது சீட்டு. சரக்கின் பெயர், பதிப்பு, எதெது தேவை, பிரிக்கும் முன் செய்ய வேண்டியது, பிரித்தபின் செய்ய வேண்டியது. மூன்றாவதுதான் சரக்கு. அதுவும் எந்த அலமாரியில் எந்தத் தட்டு என்ற முகவரியோடே அடுக்கியிருக்கும்.

டிபிகேஜி சரக்கை நேராகப் பழைய டப்பாவில் கொட்டுவதில்லை. பக்கத்திலேயே ‘.டிபிகேஜி-நியூ’ என்ற வாலோடு வைத்து, முழுசாக இறங்கியதும்தான் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறார். பிரித்து அடுக்குவது ஒரு கட்டம். அடுக்கியதைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்வது, அதாவது சர்வீஸைத் துவக்குவது, தனிப் பயனர் கணக்கு உண்டாக்குவது போன்றவை, இன்னொரு கட்டம். ஒவ்வொரு அடியிலும் நோட்டில் குறிக்கிறார். நடுவில் கரண்ட் போனால்? இன்வெர்ட்டரும் கைவிட்டுவிட்டால்? திரும்ப வந்து ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்று அடித்தால், நோட்டில் ‘பிரித்தாயிற்று, தயார் செய்யவில்லை’ என்று எழுதியிருப்பவற்றை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். அந்த நோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கலாம். ‘/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்’ என்ற வெறும் டெக்ஸ்ட் ஃபைல். இத்தனை பெரிய விவகாரத்துக்கு யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான் ஆதாரம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

உக்கிராணத்துச் சாவி ஒரே ஆளிடம் என்று சொன்னேன் அல்லவா? ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நோட்டைத் தொட முடியாது. ‘லாக் கிடைக்கவில்லை’ என்று திரையில் வருவது அதுதான். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். பொறுத்திருந்தால் தானே போய்விடும். லாக் ஃபைலை அழித்துவிடச் சொல்கிற யோசனை ஊரெங்கும் கிடைக்கும். இரண்டு பேர் ஒரே நோட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு அதைச் செய்யலாம்.

பழைய பொட்டலத்துக்குப் புதுப் பதிப்பு வரும்போது ஒரு கேள்வி எழும். சமையல்காரர் செய்முறைக் குறிப்பில் பென்சிலால் ‘இந்த ஊர்த் தண்ணிக்கு உப்பு கம்மி’ என்று எழுதி வைத்திருக்கிறார். புதிய பொட்டலம் புதிய குறிப்போடு வருகிறது. எதை வைத்துக்கொள்வது? விண்டோஸ் மென்பொருள்கள் பலவும் இதைக் கேட்பதே இல்லை. டிபிகேஜி நிறுத்திக் கேட்பார். நீங்கள் கை வைத்த கான்ஃபிக் ஃபைல் இது, பொறுப்பாளரும் மாற்றியிருக்கிறார், உங்களுடையதை வைக்கவா, அவருடையதைப் போடவா, வித்தியாசத்தைக் காட்டவா? ஒன்றும் சொல்லாமல் என்டர் தட்டினால் உங்களுடையதுதான் நிற்கும். ‘ரிமூவ்’ சொல்லிப் பேக்கேஜை நீக்கினாலும் அந்தக் குறிப்பைத் தூக்கிப் போடுவதில்லை. அதுவும் போக வேண்டுமென்றால் ‘பர்ஜ்’ என்று சொல்ல வேண்டும்.

அடுத்து பருப்பு. இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் அந்த அண்டாவில்தான் இருக்கின்றன. பெரிய சமையலில் சாம்பாருக்குத் தனியாக, ரசத்துக்குத் தனியாக, கூட்டுக்குத் தனியாக யாரும் பருப்பு வேகவைப்பதில்லை. ஒரு பெரிய அண்டாவில் வேகவைத்து எல்லாவற்றுக்கும் அதிலிருந்து மொண்டுகொள்வார்கள். லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி என்பது அந்த அண்டா. பாதுகாப்பான இணைப்புக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு லைப்ரரி. வெப் சர்வர், மெயில் சர்வர், டேட்டாபேஸ் என்று பலவும் அதிலிருந்துதான் மொள்கின்றன.

2014 ஏப்ரல் 7 அன்று அந்த அண்டாவில் ஓட்டை இருப்பது உலகுக்குத் தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள். சர்வரின் நினைவகத்தில் கிடக்கும் பாஸ்வேர்டு முதற்கொண்டு ரகசியச் சாவி வரை வெளியாள் உறிஞ்சிக்கொள்ளலாம் என்ற நிலை. ஒவ்வொரு மென்பொருளும் தன் பருப்பைத் தானே வேகவைத்திருந்தால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியிருக்க வேண்டும். டெபியன்காரர்கள் அந்த லைப்ரரியின் ஒரே பொட்டலத்தை மாற்றினார்கள், அதிலிருந்து மொள்ளும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீர்ந்தது.

ஆனால் இரண்டு சிக்கல்கள் வந்தன. ஓட்டை உள்ள பதிப்புகள் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை, சரியானது 1.0.1ஜி என்று எங்கும் எழுதியிருந்தது. டெபியன் 7 வைத்திருந்தவர் ‘அப்கிரேட்’ செய்துவிட்டுப் பார்த்தால் 1.0.1இ என்றே காட்டியது! பயப்பட வேண்டியதில்லை. டெபியனின் நிலைப் பதிப்பில் புதுப் பதிப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் கலைக்க மாட்டார்கள். இருக்கிற பதிப்பிலேயே ஓட்டையை மட்டும் அடைப்பார்கள். எண்ணின் வாலில் ‘+டெப்7யூ5’ என்று இருந்ததுதான் அடைத்ததற்கு அத்தாட்சி. பழைய எண்ணைப் பார்த்து ‘அவுட்டேட்டட்’ என்று ரிப்போர்ட் எழுதும் செக்யூரிட்டி ஸ்கேனர்களுக்கு இன்றும் இந்த வால் தெரிவதில்லை.

இரண்டாவது, இன்னும் முக்கியம். அண்டாவில் பருப்பை மாற்றிவிட்டோம் என்பதற்காக இலையில் ஏற்கெனவே விழுந்த சாம்பார் மாறாது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழைய லைப்ரரியை நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கும். வட்டில் அந்த ஃபைலே இல்லாமல் போனாலும் அது பழையதைப் பிடித்துக்கொண்டே ஓடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் புதியதை எடுக்கும். ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற பேக்கேஜ் எந்தெந்தப் பந்தியில் பழைய சாம்பார் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லும். வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் இதைப் போட்டுக்கொள்ளாமல் இருப்பது சரியில்லை.

அண்டா கெட்டால் எல்லாம் கெடும். அதற்கு 2024 சாட்சி. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் ஒரு கடிதம் வெளியிட்டார். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குகிறவர்களில் ஒருவர். தன் டெபியன் ‘சிட்’ கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழைவது ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்திருக்கிறார். அந்த அரை நொடியைத் துரத்திக்கொண்டு போனவர் போய் நின்ற இடம் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் லைப்ரரி. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஓர் ஆள் நீண்ட காலம் ஒழுங்காக வேலை செய்து, நல்ல பெயர் வாங்கி, பொறுப்பில் அமர்ந்தபின் செய்த காரியம்.

எஸ்எஸ்எச்சுக்கும் ஃபைல் சுருக்குவதற்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆனால் டெபியனில் எஸ்எஸ்எச் சர்வர் ‘நான் தயார்’ என்று, சர்வீஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக ஒரு சின்ன லைப்ரரியைச் சேர்த்திருந்தார்கள். அந்தச் சின்ன லைப்ரரி எக்ஸ்இசட்டை இழுத்துவந்தது. கேட்காத கடைசிப் பொட்டலம் வழியாக விஷம் வந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்லாரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் வெறும் சோதனை ஃபைல்கள் என்ற வேஷத்தில் சரக்கு ஒளிந்திருந்தது. அதைத் தூண்டிவிடும் வரியோ மில்லுக்குப் போன மூட்டையில் மட்டும் இருந்தது. கையெழுத்து, ஹாஷ், சீல் அத்தனையும் சரியாகவே இருந்தன. சீல் சொல்வது வழியில் யாரும் கலக்கவில்லை என்பதை மட்டும்தான். மூட்டை கட்டியவனே கலந்தால் அது பேசாது.

நிலைப் பதிப்பு தப்பித்தது. புதுச் சரக்கு சிட்டில் இறங்கி, சோதனைப் பதிப்புக்கு நகர்ந்து, ஊறி, ஆறித்தான் அங்கே போகும் என்பதால் விஷம் அதுவரை எட்டவில்லை. டெபியன்காரர்கள் சிட்டில் பழைய 5.4.5க்குத் திரும்பினார்கள். ஆனால் நோட்டில் எண் பின்னோக்கிப் போகக் கூடாது. போனால் ஆப்ட் அதை அப்கிரேட் என்று எடுக்க மாட்டார். அதனால் ‘5.6.1+ரியலி5.4.5-1’ என்று பெயர் வைத்தார்கள். ‘வெளியே 5.6.1, நிஜத்தில் 5.4.5’ என்று கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

வீட்டு சர்வருக்கு வருவோம். புகைப்படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்று சொந்தமாக ஏற்றி வைப்பவர்கள் இப்போது பெரும்பாலும் டாக்கர் வழியாகத்தான் செய்கிறார்கள். நானும் அதையே சொல்வேன்: அடியில் டெபியன், அதன்மேல் வேகமாக மாறும் செயலிகள் கன்டெய்னரில். நோட்டுக்குத் தெரியாமல் ‘/யூஎஸ்ஆர்’ அலமாரியில் எதையும் திணிக்காமல் இருக்க அது நல்ல வழி. ‘கர்ல்’ போட்டு வந்ததை அப்படியே ‘பாஷ்’ஷில் ஊற்றும் ஒருவரி இன்ஸ்டாலர்களைவிட நூறு மடங்கு மேல்.

ஒரு விலை மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு கன்டெய்னரும் தன் பருப்பைத் தானே வேகவைத்துக்கொண்டு வருகிற ஆள். டெபியனை அடியாகக் கொண்ட இமேஜுக்குள் நுழைந்து பார்த்தால் அங்கேயும் ஒரு குட்டி உக்கிராணம், அதற்கென்று ஒரு ஸ்டேட்டஸ் நோட்டு இருக்கும். வெளியே நீங்கள் ‘ஆப்ட் அப்கிரேட்’ செய்து ஓப்பன்எஸ்எஸ்எல்லை மாற்றினாலும் உள்ளே இருப்பது இமேஜ் கட்டிய நாளில் இருந்ததுதான். பெயரில் ‘லேட்டஸ்ட்’ என்று ஒட்டியிருந்தாலும் அது நீங்கள் இழுத்த நாளின் லேட்டஸ்ட். ஆகவே ‘டாக்கர் கம்போஸ் புல்’, பிறகு ‘அப் -டி’. இரண்டையும் வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன்னால் அந்தச் செயலியின் வெளியீட்டுக் குறிப்பை ஒரு தரம் படித்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 16இலிருந்து 17க்கு டேகை மாற்றிவிட்டு ‘அப்’ அடித்தால் பழைய டேட்டாவைத் திறக்க மறுத்து நின்றுவிடும். முதலில் பழையதில் இருக்கும்போதே டம்ப் எடுத்து, புதியதை வெறும் டைரக்டரியில் துவக்கி, அதில் அந்த டம்ப்பை ஏற்ற வேண்டும்.